தவில் ஓசையும் ஒரு கைப்பேசியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஓர் ஆடி மாதத்தில் என் தாத்தாவின் தவில் ஓசை என் கையிலிருந்தே பறந்து போன கதையை இங்கே எழுதுகிறேன். கதையோடு கொஞ்சம் இயற்பியலும் கலந்து வரும். பிற துறை நண்பர்கள் அஞ்ச வேண்டாம். படியில் அரிசி அளக்கத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் துறைப் பேராசிரியர்கள் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் வல்லக்கோட்டை. ஏழடி உயரத்தில் முருகன் நிற்கும் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். ஆனால் இன்று வெளியூரில் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஒரகடம் பக்கமா? எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்கிறார்கள். கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று எல்லாம் எங்களைச் சுற்றித் தயாராகின்றன. விடியற்காலையில் கோயில் மணி ஒலிக்கும் நேரத்தில், இரவு வேலை முடிந்தவர்களை இறக்கிவிடும் கம்பெனிப் பேருந்தும் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஆள் உண்டு. தாத்தா கோயிலுக்கு, அக்கா கம்பெனிக்கு.

தாத்தா அம்மாவின் அப்பா. தவில்காரர். பலா மரத்தில் கடைந்த தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐம்பது ஆண்டுகள் நடந்தவர். வலக்கை விரல்களில் கூடு மாட்டி வலந்தலையில் அவர் உருட்டும்போதும், இடக்கையில் பூவரசங்கோல் பிடித்துத் தொப்பியில் அடிக்கும்போதும், சிறுவயதில் அக்காவும் நானும் எதிரே உட்கார்ந்து தாளம் போடுவோம். நான் பாதியில் தப்பிவிடுவேன். அக்கா ஒருநாளும் தப்பியதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள். அந்த ஆண்டு அப்பாவுக்கு வேலை இல்லை. அக்கா கைப்பேசி தயாரிக்கும் ஆலை ஒன்றில் சேர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான் என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், அந்தப் படியை யார் கட்டியது என்பது எனக்கு நினைவுக்கு வரும்.

நான் முதலாண்டில் சேர்ந்த புதிது. ஆடிக் கிருத்திகை வந்தது. "இந்த வருசத்தோட போதும். தோள் வலி தாங்கல" என்று தாத்தா சொல்லிவிட்டார். அன்று அக்காவுக்கு இரவு வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. "தாத்தா கடைசியா வாசிக்கிறத ரெக்கார்டு பண்ணி வைடா. வந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்துச் சென்றாள். அவளுடைய சம்பளத்தில் வாங்கிய நல்ல கைப்பேசி அது.

நான் என்ன செய்தேன்? எவ்வளவு அருகில் போகிறோமோ அவ்வளவு நன்றாகப் பதியும் என்று எண்ணினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தவிலின் வலந்தலைக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றேன். தலைக்கு மேலே கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்று வேறு. கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து, அடிப்பக்கத்து மைக் துளையை என் உள்ளங்கையாலேயே அடைத்துக்கொண்டு, நாற்பது நிமிடம் அசையாமல் நின்று பதிவு செய்தேன். கை வலித்தது. பெருமையாகவும் இருந்தது.

காலையில் அக்கா வந்தாள். கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து காதில் மாட்டினாள். இரண்டு நிமிடத்தில் அவள் முகம் மாறியது.

"என்னடா இது? தகர டப்பாவைத் தெருவுல உருட்டிவிட்ட மாதிரி இருக்கு?"

வாங்கிக் கேட்டேன். உண்மைதான். தவிலும் இல்லை, நாதசுரமும் இல்லை; கரகரவென்று ஏதோ ஒன்று. ஒவ்வொரு அடி விழும்போதும் நாதசுரம் நீரில் மூழ்குவதுபோல் அமுங்கிப் பிறகு மெல்ல மேலே வந்தது. அக்கா அதை முழுவதும் பார்த்தாள். கடைசியில், "பரவால்லடா. தாத்தா கை ஆடுறது தெரியுது. அது போதும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் "பரவால்ல" என்ற சொல் பல மாதம் என்னை விடவில்லை.

விடை கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தது. அலை இயற்றியிலிருந்து வரும் மின்னலையைப் பெருக்கியில் செலுத்தி, சி.ஆர்.ஓ. என்னும் அலைகாட்டியின் திரையில் பார்க்கும் செய்முறை அது. குமிழைத் திருகத் திருக அலை உயர்ந்தது. அழகாக வளைந்து ஏறி இறங்கும் அலை. ஓர் எல்லைக்கு மேல் திருகியபோது அது உயரவில்லை. உச்சி மட்டும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிட்டது. "இன்புட் அதிகம். கொள்ளளவு அவ்வளவுதான்" என்றார் பேராசிரியர். எனக்குச் சட்டென்று தகர டப்பா நினைவுக்கு வந்தது.

கடையில் படியால் அரிசி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். குவித்துப் போட்டு, மேலே கையால் வழித்துவிடுவார்கள். அதற்குத் தலைதட்டி அளப்பது என்று பெயர். படிக்கு மேலே எவ்வளவு குவிந்திருந்தாலும் படியில் நிற்பது ஒரு படிதான். கைப்பேசியின் ஒலிப்பதிவும் ஒரு படியே. 16 பிட் பதிவில் ஒலியலையின் உயரத்தைக் குறிக்க 65,536 படிநிலைகள் உண்டு. மேலே 32,767 வரை, கீழே 32,768 வரை. அதற்கு மேல் உயரும் ஒலி எதுவானாலும் அந்த எல்லையிலேயே நின்றுவிடும். தவிலின் ஒவ்வோர் அடியும் தலைதட்டப்பட்டது.

தலை போனால் உச்சி மட்டுமா போகிறது? இல்லை. வளைந்த அலையின் தலையை மேலும் கீழும் ஒன்றுபோல் வெட்டினால், அதில் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. 500 ஹெர்ட்சு ஒலி ஒன்றை இப்படி வெட்டினால், அதன் மூன்று மடங்கான 1,500, ஐந்து மடங்கான 2,500 என்று மேலே மேலே ஒலிகள் சேர்ந்துவிடும். யாரும் வாசிக்காத ஒலிகள் அவை. அந்தக் கரகரப்பு அவற்றால் வந்தது. வழித்துத் தள்ளிய அரிசியையாவது தரையிலிருந்து பொறுக்கலாம். வெட்டுப்பட்ட அலையின் உச்சியைப் பொறுக்க முடியாது. பிறகு ஒலியளவைக் குறைத்துக் கேட்டாலும் கரகரப்புக் குறைந்த அளவில் கேட்குமே தவிரப் போகாது.

இன்னொரு செய்தியும் தெரிந்தது. ஒலி இரண்டு இடங்களில் உடையலாம். ஒன்று, நான் மேலே சொன்ன எண்ணாக மாற்றும் இடம். மற்றது அதற்கு முன்பே, மைக்கிலேயே. கைப்பேசியின் மைக் சிலிக்கானில் செதுக்கியது. உள்ளே அதிரும் சவ்வு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலந்தான். பல மைக்குகள் 120 டெசிபலை ஒட்டியே தாங்கமாட்டாமல் போகும். வேறு சில அதற்கு மேலும் தாங்கும். அங்கே உடைந்துவிட்டால் செயலியில் அளவைக் குறைத்துப் பயனில்லை. குடத்தில் விழும் முன்பே கலங்கிய நீரை, குடத்தை மாற்றித் தெளிவாக்க முடியுமா?

இதை அக்காவிடம் சொன்னேன். அவளுடைய ஆலையில் ஒலிச் சோதனைப் பிரிவிலும் அவள் இருந்திருக்கிறாள். "ஆமாம்டா. மூடின பெட்டிக்குள்ள போனை வெச்சு ஒரு சத்தம் விடுவோம். அளவு சரியா இருந்தா பச்சை, இல்லன்னா சிவப்பு. ஆனா அது சின்னச் சத்தந்தான். தவிலை எடுத்துட்டு வந்து எவன் அடிச்சுப் பாக்கப்போறான்?" என்று சிரித்தாள். மனிதர் பேச்சுக்காகச் செய்த பொருள் அது. பேச்சுக்காகவே அதற்குள் ஒரு தானியங்கியும் வைத்திருக்கிறார்கள். மெல்லப் பேசினால் அது ஒலியைத் தூக்கும். உரக்கப் பேசினால் அமுக்கும். தொலைபேசிப் பேச்சுக்கு நல்லது, கச்சேரிக்குப் பகை. ஒவ்வொரு தவில் அடிக்கும் நாதசுரம் மூழ்கி எழுந்தது அந்தத் தானியங்கியின் வேலை.

அப்படியானால் என்ன வழி? முதல் வழி, செலவில்லாத வழி, தூரம். திறந்த வெளியில் ஒலி தரும் பொருளிலிருந்து தூரம் இரட்டிக்கும்போது ஒலியழுத்தம் பாதியாகும். டெசிபல் கணக்கில் 6 குறையும். நான் அன்று நின்றது அரை மீட்டரில். அது ஒரு மீட்டரானால் 6, இரண்டானால் 12, நான்கானால் 18 டெசிபல் குறைந்திருக்கும். அதாவது மைக்கின்மேல் விழும் அழுத்தம் எட்டில் ஒன்றாகியிருக்கும். ஏழு, எட்டு அடிகள் பின்னால் எடுத்து வைத்திருந்தால் அக்காவுக்குத் தாத்தாவின் தவில் கிடைத்திருக்கும்! மண்டபத்துக்குள் சுவர்களும் தூண்களும் ஒலியைத் திருப்புவதால் இந்த அளவுக்குக் குறையாது என்பதையும் சொல்ல வேண்டும். மிகவும் பின்னால் போனாலோ கூட்டத்தின் பேச்சுத்தான் பதியும்.

இது ஒன்றும் புது ஞானம் இல்லை. 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கெய்ஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜானின் பாட்டை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தபோது மின்சார மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றை நோக்கிப் பாட வேண்டும். அந்த ஒலியே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். உச்சத்தில் பாடினால் ஊசி தடம் புரண்டு கெட்டுவிடும். ஆகவே அக்காலப் பதிவாளர்கள் உரத்த கருவிகளைப் பின்னால் நிறுத்தினார்கள். பாடுபவர் குரலை உயர்த்தும்போது அவரைப் புனலிலிருந்து சற்றுப் பின்னுக்கு இழுத்தும் இருக்கிறார்கள். 1925-இல் மின்முறைப் பதிவு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியை இசைத்தட்டில் கேட்டு இன்றும் உருகுகிறோம் என்றால், வாசித்தவருக்கு அடுத்தபடி, நாதசுரத்துக்கு எவ்வளவு தூரத்தில் மைக் வைக்க வேண்டும் என்று அறிந்திருந்த பெயர் தெரியாத ஒருவரையும் வணங்கத்தான் வேண்டும்.

இரண்டாவது வழி, தானியங்கியை நிறுத்துவது. கைப்பேசியில் உள்ள கேமராவிலும் சாதாரண ஒலிப்பதிவிலும் பெரும்பாலும் அது நம் கையில் இல்லை. ஆனால் ஒலியளவை நாமே வைத்துக்கொள்ளும் வசதியுள்ள பதிவுச் செயலிகள் விலையில்லாமலே கிடைக்கின்றன. அதில் அளவுகாட்டி இருக்கும். உச்சி என்பது சுழி டெசிபல். மிக உரத்த அடி விழும்போது காட்டி கழித்தல் 12-ஐத் தாண்டாதபடி வைத்துக்கொண்டால் போதும். அப்போது அலை படியின் கால் அளவுக்குத்தான் உயரும்; முக்கால் பங்கு காலியாக இருக்கும். வீணாகக் காலி விடுகிறோமே என்று தோன்றும். வாசிப்பவர் உற்சாகத்தில் ஓங்கி அடிக்கும் தீர்மானத்துக்கு அந்த இடம் வேண்டும்.

மூன்றாவது, காற்று. காற்று மைக்கின் துளையில் மோதினால் சவ்வு பெரிதாக அசையும். தவிலே இல்லாமல் காற்று ஒன்றே பதிவை உடைத்துவிடும். ஒரு துண்டுப் பஞ்சுறை அல்லது மெல்லிய துணியைத் தளர்வாகச் சுற்றினால் போதும். விரலால் அடைப்பதும் ஒட்டுநாடா ஒட்டுவதும் தவறு. அவை ஒலியின் கூர்மையை எல்லாம் தின்றுவிடும்.

நான்காவது, ஒலிபெருக்கி. குழாயிலிருந்து வரும் ஒலியே உடைந்து வந்தால் எந்தக் கைப்பேசியும் அதை ஒட்ட வைக்காது. குழாய்க்கு முன்னால் நிற்காமல் அதன் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் காதைப் பற்றியும் ஒரு சொல். தாத்தாவுக்கு வலக்காது சரியாகக் கேட்காது. அமெரிக்கத் தொழில் நலவாழ்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது கால் மணி நேரந்தான். தாத்தா ஐம்பது ஆண்டுகள் தவிலுக்குப் பின்னால் நின்றார். மைக் உடைந்தால் வேறு வாங்கலாம். திருவிழாவில் குழாய்க்கு அடியில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் நண்பர்கள் இதை நினைக்க வேண்டும்.

இவ்வளவும் கற்றுக்கொண்டேன். ஆனால் பதிவு செய்யத் தவில் எங்கே? மார்கழியில் தாத்தாவுக்கு இடக்கை மரத்துப் போயிற்று. கோல் பிடித்தால் நழுவியது. தவிலுக்கு உறை போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். கற்றது எதற்கும் உதவவில்லையே என்று நான் நொந்துகொண்டது உண்மை.

இவ்வாண்டு ஆடிக் கிருத்திகை வந்தது. தாத்தாவின் பழைய குழு வாசிக்க வந்தது. தவிலுக்கு வேறொருவர். "பெரியவரே, சும்மா வந்து உக்காருங்க. தாளம் போடுங்க" என்று அவர்கள் அழைத்தார்கள். தவில்காரரைத் தாளம் போட அழைப்பதா என்று அம்மாவுக்கு மனம் சுருங்கியது. தாத்தா மறுபேச்சில்லாமல் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினார். இடக்கையில் ஒரு தாளத்தை அசையாமல் ஏந்திக்கொள்ள முடியும். வலக்கை நன்றாக இருந்தது.

அக்காவுக்கு அன்றும் இரவு வேலை. அன்றும் கைப்பேசியைக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே, திறந்த இடத்தில் குழுவினர் உட்கார்ந்தார்கள். கேட்டு அனுமதி பெற்றேன். மைக்செட்காரரிடம் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விசாரித்து, அதன் முதுகுப் பக்கமாக, குழுவுக்கு நான்கு மீட்டர் தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டேன். அதன் முதுகில் துண்டை மடித்துக் கட்டி, அதன்மேல் கைப்பேசியை நிறுத்தினேன். மைக் துளை குழுவைப் பார்க்க, அதன்மேல் பழைய துணி ஒரு சுற்று. தவில்காரர் வார் இழுத்துச் சுருதி பார்க்கும்போது, "அண்ணே, ரெண்டு அடி ஓங்கி அடிங்களேன்" என்று கேட்டு அளவை வைத்தேன். படம் எடுக்கவில்லை, ஒலி மட்டும். பிறகு தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தாத்தா அங்கிருந்தே பார்த்துவிட்டு, "என்னா கண்ணு, அவ்ளோ தூரத்துல வெச்சிட்டு உக்காந்திருக்க? கேக்குமா அது?" என்றார்.

"கேக்கும் தாத்தா. நீ வாசி."

மறுநாள் காலை அக்கா அதே திண்ணையில் உட்கார்ந்து காதில் மாட்டினாள். நான் வாசற்படியில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒலி சிறிதாக இருக்கிறது என்று கூட்டி வைத்தாள். பிறகு அசையவில்லை. பத்து நிமிடம் இருக்கும். ஒரு காதிலிருந்து எடுத்தாள்.

"இந்தத் தாளம் யாரு?"

"தாத்தா."

"நெனச்சேன்" என்றாள். கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டாள். "இங்க பாரு, இந்த எடத்துல கை தயங்குது. ஒரு பொட்டு லேட்டா விழுது. அப்புறம் புடிச்சிக்கிறாரு." நான் வாங்கிக் கேட்டேன். தவிலுக்கும் நாதசுரத்துக்கும் அடியில், ஊசி முனைபோல் மெல்லிய ஒலியில், அந்தத் தாளம் இருந்தது. அந்தத் தயக்கமும் இருந்தது. நேரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

சற்று நேரம் கழித்து அக்கா சொன்னாள்: "போன வருசமே தயங்கியிருக்கும்டா. அதுல ஒண்ணும் தெரியல."

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஆறு மாதம் முன்பே மருத்துவரிடம் போயிருப்போமோ என்பது நானாக நினைத்துக்கொண்டது. அதற்கு எந்தச் செய்முறை ஏட்டிலும் விடையில்லை.

நண்பர்களே, நம் வீடுகளில் பாட்டியின் தாலாட்டும், பம்பையும், உடுக்கையும், தெருக்கூத்தும் இன்னும் இருக்கின்றன. எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். உரத்த அடி ஒன்றைக் கேட்டு அளவை வையுங்கள். காற்றுக்கு ஒரு துணி சுற்றுங்கள். அனுப்பும்போது சுருக்கி அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் முறையே சரியாகச் செய்யுங்கள்; எனக்கு இரண்டாம் முறை கிடைத்தது தாளத்துக்குத்தான், தவிலுக்குக் கிடைக்கவில்லை.

அக்கா அந்தப் பதிவைத் தன் கைப்பேசியிலேயே வைத்திருக்கிறாள். இரவு வேலைக்குப் போகும் பேருந்தில் கேட்பாளாம். அருகில் இருக்கும் பெண்கள் என்ன பாட்டு என்று கேட்டால், "எங்க தாத்தா" என்பாளாம். "யாரு ரெக்கார்டு பண்ணது?" என்று கேட்டால், "என் தம்பி. காலேஜ்ல இதத்தான் படிக்கிறான்" என்பாளாம்.